ஊமை அடுப்பு

"டீச்சர், உலோகம் காணாமப் போகுது."

கொளஞ்சிநாதன் வாசலில் நின்றபடியே சொன்னார். கையில் சாக்குத்துணி சுற்றிய ஓடு ஒன்று இருந்தது.

தில்லையம்மாள் டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "திருடு போச்சா?"

"திருடு போயிருந்தா நல்லா இருக்குமே! போலீஸ்லயாவது போய்ச் சொல்லலாம். இது இருந்த இடத்துல இருந்தபடியே காணாமப் போகுது."

"உள்ள வாங்கண்ணே."

வயதில் கொளஞ்சிதான் மூத்தவர். அவர் மீசையில் நரை விழுந்தபோது டீச்சர் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். இருந்தாலும் ஓடு விஷயத்தில் டீச்சர் சொன்னால் அதுதான் கொளஞ்சிக்கு வேதவாக்கு. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதாவது மண்ணாங்கட்டியாவது.

மலையைப் பற்றிச் சொல்லாமல் ஓட்டைப் பற்றிச் சொல்ல முடியாது.

அது நிலக்கரி வெட்டின மலை. கரி தீர்ந்ததும் பூட்டுப் போட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். மலை மட்டும் மூச்சு விடுவதை நிறுத்தவில்லை. பழைய பொந்துகள் வழியாக மீத்தேன் வந்துகொண்டே இருந்தது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு பொந்தின் வாயிலும் ஒரு சின்ன அறை கட்டி, அதற்குள் ஓர் ஊமை அடுப்பு வைத்திருந்தார்கள். அடுப்பு என்றால் பீங்கான் ஓடுதான். தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பல்லாடியம் உலோக மணிகள். வாயு வந்து அந்த மணிகளைத் தொட்டால் போதும், எரிந்துவிடும். சுடர் இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. அடுப்புக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உள்ளங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.

அந்தச் சூடுதான் மலைக்குள் இருக்கும் வாயுவை மேலே இழுக்கும். சூடு நின்றால் வாயு திரும்பிவிடும். பழைய சுரங்கப்பாதைகள் அடிவாரத்தில் இருக்கும் அடிப்பட்டி கிராமத்து வீடுகளுக்குக் கீழே போகின்றன. தரை வெடிப்பு வழியாக வாயு அங்கே ஏறும். அங்கே வீட்டுக்கு வீடு விறகடுப்பு எரியும். மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் அடுப்புக்கு ஒரு காவல்காரர். அடுப்பு குளிர்ந்தால் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவர் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் அடிப்பட்டியில் உலை கொதிக்கிறதா, பிள்ளை பசிக்கு அழுகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். ஒரு குடம் தண்ணீரை எடுத்து அடுப்பில் கவிழ்த்துவிடுவார்கள்.

ஓடு சுடுவதும் காவல்காரர்களுக்கு மேஸ்திரியாக இருப்பதும் கொளஞ்சியின் வேலை. மலை உச்சியில் இருக்கும் அடுப்புக்குக் காவல் அவருடைய தம்பி பழமலை.

*

"முன்னால எல்லாம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும் டீச்சர். சூடு ஏற ஏற மணிங்க நகரும். ஒண்ணுகூட ஒண்ணு ஒட்டிக் கட்டி தட்டிடும். பொடிப்பொடியா இருந்தது பெரிய கட்டியாகிடும். அடுப்பு செத்துரும்."

"ஆமா."

"அதனால விலக்கி வெச்சேன். ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் நடுவுல அம்புட்டுத் தூரம் விட்டேன். இனி எப்படி ஒட்டுதுன்னு பார்க்கறேன்னு சவாலே விட்டேன்."

"ஒட்டுச்சா?"

"ஒட்டல. ஆனா அடுப்பு முன்னைவிடச் சீக்கிரமா சாகுது!"

டீச்சர் ஓட்டில் ஒரு துணுக்கு உடைத்து எடுத்தார். அவரிடம் ஒரு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்தது. சாமியார்களுக்குக் கமண்டலம், அவருக்கு அது. துணுக்கை உள்ளே வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

கொளஞ்சி குனிந்து பார்த்தார். பீங்கான்தான் தெரிந்தது. மேடு பள்ளமாக, வெறிச்சென்று. மணி ஒன்றுகூட இல்லை.

"வேற இடத்தைக் காட்டுங்க."

காட்டினார். அங்கேயும் அப்படித்தான்.

"இன்னும் தள்ளி."

அங்கேயும் வெறும் தரை. கொளஞ்சி திரையை உற்றுப் பார்த்தார். தன் கையால் வைத்த மணிகள். வைத்தபோது இதே திரையில் பார்த்திருக்கிறார்.

"ஆவியாப் போச்சா டீச்சர்?"

டீச்சர் இன்னொரு துண்டை அமிலத்தில் கரைத்தார். ஏதேதோ சோதித்தார். கொளஞ்சி டீ போட்டு, டீ குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"நீங்க போட்ட உலோகம் அத்தனையும் ஓட்டுல இருக்கு," என்றார் டீச்சர். "துளிகூடக் குறையல."

"இருக்கா? இப்பத்தானே இல்லைன்னு காட்டுனீங்க!"

"இருக்கு. மணியா இல்ல. மணியா சேர்ந்திருந்தாத்தான் எரிக்கும்."

"விளங்கலையே."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். "மேல காவல்காரங்க எல்லாம் எப்படி இருக்காங்கண்ணே?"

கொளஞ்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் உலோகத்தைப் பத்திக் கேட்டா நீங்க ஆளுங்களைப் பத்திக் கேக்கறீங்க."

"எப்படி இருக்காங்க?"

"எல்லாரும் அவங்கவங்க இடத்துல இருக்காங்க. தினமும் பைனாகுலர்ல பார்க்கறேன். சாப்பாடு கம்பியில தொங்கி ஓடற தொட்டியில மேல போகுது. காலித் தூக்குவாளி கீழ வருது. ஒரு குறையும் இல்ல."

"நேர்ல எப்பப் பார்த்தீங்க?"

கொளஞ்சி யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏறிப் போங்க," என்றார் டீச்சர். "ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க."

*

முன்பு காவல்காரர்கள் எல்லாரும் ஒரே கொட்டகையில்தான் இருந்தார்கள். சேர்ந்து சமைப்பார்கள், சேர்ந்து சுற்றி வருவார்கள். சீட்டாட்டம் வேறு. அங்கே எழும் சிரிப்புச் சத்தம் அடிப்பட்டி வரைக்கும் கேட்கும். ஒருநாள் ஆட்டம் சூடு பிடித்தபோது ஓர் அடுப்பு செத்துப்போனது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. தண்டவாளம் அடிக்கவில்லை. அடிப்பட்டியில் ஒருத்தி சோறு வடிக்க அடுப்பைப் பற்றவைத்தாள். வீடும் இல்லை, அவளும் இல்லை, அவள் பிள்ளைகளும் இல்லை.

உடைந்த கூரை ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே கிடந்ததை எல்லாம் அள்ளியவர் கொளஞ்சி. அந்தக் கையால் பல நாள் அவரால் சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லை.

அன்றைக்கே கொட்டகையைப் பிரித்துப் போட்டார். ஆளுக்கு ஒரு அடுப்பு, ஆளுக்கு ஒரு குடிசை. ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் காதில் விழக்கூடாது, அவ்வளவு தூரம். போக்குவரத்தும் கூடாது. கூடினால் கட்டி தட்டும் என்பது அவருக்கு ஓட்டிலும் தெரிந்தது, ஆளிலும் தெரிந்தது. உச்சியில் இருக்கும் அடுப்புக்குப் போக எல்லாரும் தயங்கினார்கள். வேற்று ஆளை அனுப்ப மனசு வராமல் சொந்தத் தம்பியை அனுப்பினார்.

*

மறுநாள் காலையில் ஏறினார். மலையில் மூட்டம் இறங்கியிருந்தது. கால் வைக்கும் இடம்தான் தெரிந்தது.

முதல் குடிசையில் காத்தவராயன். அடுப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பித்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தான்.

"காத்தவராயா!"

அவன் திரும்பவில்லை.

"ஏய் காத்தவராயா, நான்தான்டா மேஸ்திரி."

திரும்பினான். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. தூங்கி எழுந்த குழந்தைக்கு இருக்குமே, அப்படித் தெளிவான கண்.

"காத்தவராயனா?" என்றான். "இப்பத்தான் எந்திரிச்சுப் போனான்."

"என்னடா, நக்கலா?"

"வந்தா சொல்றேன்."

கொளஞ்சி அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் உலுக்கலுக்கு ஆடினான். விட்டதும் நின்றான். பிறகு அவர் அங்கே இல்லாதது போல் மூட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

இரண்டாவது குடிசையில் அய்யாக்கண்ணு. பெரிய பேச்சுக்காரர். அவர் பேச ஆரம்பித்தால் எச்சில் இலை எடுக்கிறவர்கூட நின்று கேட்பார். கொளஞ்சி பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"அவர் போயி ரொம்ப நாளாச்சே," என்றார் அய்யாக்கண்ணு.

"எங்க போயிட்டாரு?"

"எங்கயும் போகல. கொஞ்சம் கொஞ்சமாப் போனாரு."

அதற்கப்புறம் இருந்த குடிசைகளில் கொளஞ்சி அவரவர் பேரைக் கூப்பிட்டார், பதிலைக் கேட்டார், நிற்காமல் நடந்தார். எல்லாக் குடிசையிலும் ஆள் இருந்தது. குடிசை பெருக்கியிருந்தது. தூக்குவாளி கழுவிக் கவிழ்த்தியிருந்தது. எவனும் இளைத்துப் போகவில்லை, எவனுக்கும் காய்ச்சல் இல்லை. கூப்பிட்ட பேருக்கு மட்டும் ஆள் இல்லை.

கடைசியில் உச்சிக்கு வந்து சேர்ந்தார்.

பழமலை அடுப்பறைக்கு வெளியே ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். தலை வாரியிருந்தான். கொளஞ்சி பக்கத்தில் போய் நின்றார். கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிடாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

"டேய், பழமலை."

பழமலை எழுந்து நின்றான். மரியாதையாக வேட்டியை இறக்கிவிட்டான். "உக்காருங்க," என்றான். "அவன் வந்துருவான்."

கூடப் பிறந்தவன். ஒரே தட்டில் பிடுங்கித் தின்றவன். அவரைப் பார்த்து 'உக்காருங்க' என்கிறான்.

"எங்கடா போயிருக்கான்?" என்றார் கொளஞ்சி.

"அவனுக்கு அண்ணன்னு ஒருத்தர் இருக்காராம். கீழ இருக்காராம். அவரைப் பார்க்கப் போயிருப்பான்."

கொளஞ்சி அவன் கையைப் பிடித்து இழுத்தார். "வாடா, வீட்டுக்குப் போலாம். வாடா தங்கம்." பாதை வளைவு வரைக்கும் அவன் வந்தான். வளைவில் அப்படி ஒரு கத்துக் கத்தினான், கொளஞ்சி பிடித்த கையை விட்டுவிட்டார். அவன் திரும்பிப் போய்ப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டான்.

கொளஞ்சி அழுதுகொண்டே இறங்கினார். யாராவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வாய்விட்டே அழுதார். பார்க்கத்தான் அங்கே யாரும் இல்லை.

*

"எல்லாரும் இருக்காங்க டீச்சர்," என்றார். "ஒருத்தனும் இல்ல."

டீச்சர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"என் தம்பி என்னை யாருன்னு கேக்கல. கேட்டிருந்தாக்கூடப் பொறுத்துப்பேன். உக்காருங்கன்னு சொல்றான்." கொளஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்கு அடுப்பு செத்தா எவன் தண்டவாளத்தை அடிப்பான்? அடிப்பட்டிக்கு எவன் பதில் சொல்லுவான்? அவன் உக்காந்திருக்கற பாறைக்குப் பின்னாலயே வாயு வந்தாலும் அவனுக்குத் தெரியாது டீச்சர். அப்படியே போயிருவான்."

"இங்க வாங்கண்ணே."

டீச்சர் மைக்ராஸ்கோப்பின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே ஒரு புது ஓட்டுத் துணுக்கு இருந்தது. அதற்குச் சூடு கொடுத்தார்.

திரையில் ஒற்றை மணி. சுற்றிலும் வெற்றுத் தரை. சூடு ஏறியதும் மணியின் ஓரம் லேசாக நடுங்கியது. ஓரத்திலிருந்து துகள் துகளாக ஏதோ பிரிந்து போனது. பிரிந்தது தரையில் அலைந்தது. கொஞ்ச தூரம் இப்படி, கொஞ்ச தூரம் அப்படி. பிறகு எங்கேயோ ஒரு பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அடுத்த துகளும் அதே மாதிரி போனது. ஒன்றும் திரும்பி வரவில்லை. மணி சின்னதாகிக்கொண்டே வந்தது. கொளஞ்சி கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது மணி இருந்த இடத்தில் தரைதான் இருந்தது.

டீச்சர் துணுக்கை நகர்த்தினார். அங்கே ஏதோ கைப்பிசகில் மணிகள் கொஞ்சம் பக்கம் பக்கமாக விழுந்திருந்தன. அவையும் நடுங்கின. அவற்றிலிருந்தும் துகள் பிரிந்தது. அலைந்தது. அலைந்து போய்ப் பக்கத்து மணியில் ஏறிக்கொண்டது. பக்கத்து மணியிலிருந்து கிளம்பியது ஒன்று இங்கே வந்து சேர்ந்தது.

கொளஞ்சி வெகுநேரம் பார்த்தார். அந்த மணிகள் அப்படியே இருந்தன.

"எல்லா மணியும் உதிருது," என்றார் மெதுவாக.

"சூட்டுல வெச்சா உதிரத்தான் செய்யும்."

"அப்ப கிட்ட வெக்கணும்."

"ம்."

"கிட்ட வெச்சாக் கட்டி தட்டுமே!" கொளஞ்சி சட்டென்று எழுந்துவிட்டார். "அந்த வீட்டை நீங்க பார்க்கல டீச்சர். நான் பார்த்தேன். இந்தக் கையால அள்ளினேன்."

"ஆமாண்ணே."

"எவ்வளவு கிட்ட வெக்கறது? அதைச் சொல்லுங்க. ஓட்டுலயும் சரி, மலையிலயும் சரி. எவ்வளவு கிட்ட?"

டீச்சர் திரையை அணைத்தார்.

"உங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு யாரு?"

"யாருமில்ல. நான் மேஸ்திரியாச்சே, நாலு பேரோட பழகினா வேலை கெட்டுப்போகும்னு தனியாத்தான் இருக்கேன்."

"ஓ," என்றார் டீச்சர்.

"ஓன்னா என்ன அர்த்தம்? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

டீச்சர் அவர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். கொளஞ்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். டீச்சர் வருகிற மாதிரித் தெரியவில்லை. மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

*

வீட்டில் விளக்குப் போடவில்லை. சாயங்கால வெளிச்சமே போதும் என்று இருந்துவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு நெருக்கினால் ஒட்டும், இவ்வளவு விலக்கினால் உதிரும். ஒன்றும் பிடிபடவில்லை.

வாசலில் கம்பித்தொட்டி ஓட்டுகிறவரின் குரல் கேட்டது. நாளைய சாப்பாட்டுக்கு ஆள் கணக்குக் கேட்க வந்திருப்பார்.

"மேஸ்திரி இருக்காரா?"

"இல்லையே," என்றது ஒரு குரல். "இப்பத்தான் வெளிய போனாரு."

"சரி, நாளைக்கு வர்றேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

கொளஞ்சி அசையவில்லை. அந்த வீட்டில் அவரைத் தவிர யாரும் கிடையாது. உதட்டைத் தொட்டுப் பார்த்தார். உதடு இன்னும் லேசாகத் திறந்தபடி இருந்தது.

கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். கம்பித்தொட்டிக்காரர் பாதி வழியில் திரும்பிப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன மேஸ்திரி, பேயைப் பார்த்தாப்பல நிக்கிறீங்க?"

"நாளைக்குத் தொட்டியில எனக்கும் சேர்த்து மேல சோறு அனுப்பு," என்றார் கொளஞ்சி.

*

காவல்காரர்களை மறுபடி ஒரே கொட்டகையில் அடைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. குடிசைகளை மட்டும் பிரித்து, கொஞ்சம் கிட்டே கிட்டே நகர்த்திக் கட்டினார். எவ்வளவு கிட்டே என்று கேட்டால் அவருக்கே தெரியாது, ஒரு குத்துமதிப்புதான்.

ஓட்டையும் அப்படித்தான் சுட்டார். மணிகளை முன்னைவிட நெருக்கி வைத்தார். முதலில் சுட்டு எடுத்த ஓடுகளைக் கீழ் அடுப்புகளுக்குக் கொடுத்தார். அடிப்பட்டிக்குப் பக்கம் அவைதானே. உச்சி அடுப்பில் பழைய ஓடே இருந்தது. அடுத்த சூளையில் அதற்கும் ஆகிவிடும் என்று நினைத்தார்.

அவர் உச்சிக்குப் போய்த் தங்கினார். பழமலையின் பாறையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு பழைய சாமான் கொட்டடி இருந்தது. அதைக் கூட்டிப் பெருக்கிக் கட்டிலைப் போட்டார்.

பழமலை திரும்பிப் பார்க்கவே இல்லை.

"டேய், நான்டா, அண்ணன்."

"அவர் கீழ இருக்காருங்க."

கொளஞ்சி அம்மா செய்த மீன்குழம்பைப் பற்றிப் பேசிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இருவரும் வாங்கிய அடியைப் பற்றிப் பேசினார். ஊர்த் திருவிழாவில் சாமி தூக்கும்போது பழமலை வழுக்கி விழுந்ததைச் சொல்லிச் சிரித்தார். தன் சிரிப்பு தனக்கே கேட்டபோது நிறுத்திவிட்டார். கடைசியில் பேச்சையும் விட்டுவிட்டார். பேசப் பேச வெறும் ஆளைப் பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை.

மூட்டமும் ஈரமும் சேர்ந்து அவருக்கு இருமலைக் கொண்டுவந்தன. சாதாரண இருமல் இல்லை, நெஞ்சுக்கூட்டையே வெளியே தள்ளுகிற இருமல். நடந்தாலும் இருமல், படுத்தாலும் இருமல். கஷாயம் குடித்தார், மிளகைக் கடித்தார். ஒன்றுக்கும் அடங்கவில்லை. பழமலை பாறைமேல் உட்கார்ந்து மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கொட்டடியில் இருமிக்கொண்டிருந்தார்.

இப்படியே இருக்க வேண்டியதுதான் என்று கொளஞ்சி நினைத்தார். டீச்சர் மேல் கோபம் கோபமாக வந்தது. சொல்லித் தொலைத்திருந்தால் என்னவாம்?

பழமலை அடுப்பைப் பார்ப்பானோ மாட்டானோ என்று கொளஞ்சியே நாள்தோறும் மதியம் அடுப்பறைக்குள் போய்க் கை வைத்துப் பார்ப்பார். அறையின் கூரை தாழ்வு. ஓடு கூரையை ஒட்டி மேலே இருந்தது. எட்டாது. ஒரு முக்காலியைப் போட்டு ஏற வேண்டும்.

அன்றைக்கும் இருமிக்கொண்டே உள்ளே போனார். இருமிக்கொண்டே முக்காலியில் ஏறினார். தலை கூரையை முட்டியது. உள்ளங்கையை ஓட்டுக்கு அருகில் கொண்டுபோனார்.

சூடு இல்லை.

தொட்டே பார்த்தார். சில்லென்று இருந்தது.

எப்போது செத்தது? மேலேறும் வாயு கூரைக்கடியில் எவ்வளவு நேரமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது? தான் இழுப்பது காற்றா, அந்த வாயுவா? கீழே அடிப்பட்டியில் இது சோறு வடிக்கும் நேரம். தண்டவாளம் வாசலில்தான் தொங்குகிறது. இறங்கினால் போதும்.

இறங்க வேண்டும் என்று காலிடம் சொன்னார். கால் கேட்கவில்லை. தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. இருமக்கூட முடியவில்லை. இருமல் விட்டுப்போனது அந்த நேரத்திலும் அவருக்குச் சுகமாகத்தான் இருந்தது. முக்காலி சரிந்தது.

*

முதுகில் கல் குத்தியது.

யாரோ அவர் அக்குளுக்குள் கை கொடுத்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். பாறைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். அப்புறம் ஓடும் சத்தம். அப்புறம் இரும்பு.

தண்டவாளம் அலறியது. விடாமல் அலறியது. கொளஞ்சி கண்ணைத் திறந்தார். மூட்டம் விலகியிருந்தது. வெகு கீழே அடிப்பட்டியின் கூரைகளுக்கு மேல் நின்ற அடுப்புப் புகை, வீடு வீடாக அறுந்து போய்க்கொண்டிருந்தது. கடைசிப் புகையும் நின்ற பிறகுதான் இரும்புச் சத்தம் நின்றது.

பழமலை ஓடி வந்தான். உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம். மூச்சு வாங்கியது. மண்டி போட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. அழுகை இருந்தது. ஆள் இருந்தது.

"எப்படிடா..." கொளஞ்சி எழப் பார்த்தார். "அடுப்பு செத்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"அடுப்பா?" என்றான் பழமலை. "அடுப்பை யாரு பார்த்தா?"

"பின்ன?"

"பொழுதன்னைக்கும் எவனோ இருமிக்கிட்டே கெடந்தான். காதே புண்ணாப் போச்சு. சனியன் எப்பத்தான் நிறுத்துவானோன்னு இருந்தேன்."

பழமலைக்கு உதடு கோணியது.

"நின்னு போச்சுண்ணே."